புதிய கேமராதான் நல்ல கேமராவா?

நுழையும்முன்

வீட்டுக்கு ஒரு கேமரா இருந்த காலம் போய், ஆளுக்கு ஒரு கேமரா இருக்கும் காலம் வந்துவிட்டது. ஆண்டுதோறும் புதிய கருவிகள் விற்பனைக்கு வருகின்றன. சென்ற ஆண்டு வாங்கியதே பழையதாகத் தோன்றுகிறது. அப்படியானால், அலமாரியில் உறங்கும் பழைய கேமரா பயனற்றதா? இக்கட்டுரையாளர் தம் கருத்தைச் சான்றுகளோடு எடுத்துரைக்கிறார். படியுங்கள், உடன்படுகிறீர்களா என்று எண்ணிப் பாருங்கள்.

ஒரு மாணவியின் கேள்வி

திருப்பதியில் நாங்கள் வாழும் தெருவில் தமிழ்க் குடும்பங்கள் சில உள்ளன. வேலூர், திருவண்ணாமலை, மதுரை எனப் பல ஊர்களிலிருந்து வேலையின் பொருட்டு வந்தவர்கள் அவர்கள். அவ்வீடுகளுள் ஒன்றிலிருந்து, எட்டாம் வகுப்பில் படிக்கும் மாணவி ஒருத்தி ஒருநாள் என்னைத் தேடி வந்தாள். பள்ளியில் ஒளிப்படக் கண்காட்சி நடைபெற இருந்தது.

“மாமா, எங்கள் வீட்டில் பழைய கேமராதான் இருக்கிறது. அக்கா பிறந்தபோது அப்பா வாங்கியதாம். என் தோழிகள் எல்லாரும் புதிய கேமராவில் எடுக்கப் போகிறார்கள். நான் பெயர் கொடுக்கலாமா?” என்று கேட்டாள். பிறகு, குரலைத் தாழ்த்தி, “அப்பா தவணையில் புதிது வாங்கித் தருவதாகச் சொல்கிறார்” என்றாள்.

“அந்தப் பழைய கேமராவை எடுத்து வா அம்மா, பார்த்துவிட்டுச் சொல்கிறேன்” என்றேன். அவள் கொண்டுவந்தது 2003ஆம் ஆண்டில் வெளிவந்த கேனான் 300டி என்னும் கேமரா. அவள் தந்தை வாங்க எண்ணியிருந்ததோ 2023ஆம் ஆண்டில் அதே நிறுவனம் வெளியிட்ட ஆர்50. இரண்டுக்கும் இடையே இருபது ஆண்டுகள். இரண்டுமே கற்றுக்கொள்ளத் தொடங்குவோருக்கென வந்தவை. எனவே, இவ்விரண்டையும் ஒப்பிடுவது முறையானதே.

என் கருத்தை முதலிலேயே கூறிவிடுகிறேன். கேமராவின் வயதைக் கொண்டு அதனை மதிப்பிடக் கூடாது. நாம் எடுக்க விரும்பும் படம் எது, அதற்கு இக்கருவி போதுமா என்பதே அளவுகோலாக இருக்க வேண்டும்.

எண் பெரிதானால் படம் சிறக்குமா?

கேமரா விற்கும் கடையில் முதலில் சொல்லப்படுவது ஓர் எண். அதுதான் மெகாபிக்சல். அது என்ன என்பதைத் தெரிந்துகொண்டால் பாதி மயக்கம் நீங்கிவிடும்.

முற்காலக் கேமராவில் படச்சுருள் இருந்த இடத்தில், இன்றைய கேமராவில் உணரி என்னும் சில்லு இருக்கிறது. அது தன்மேல் விழும் ஒளியைச் சின்னஞ்சிறு புள்ளிகளாகப் பகுத்து எண்களாக மாற்றுகிறது. அப்புள்ளியே பிக்சல். பத்து இலட்சம் புள்ளிகள் சேர்ந்தால் ஒரு மெகாபிக்சல். 1975ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கோடாக் நிறுவனத்தில் பணியாற்றிய ஸ்டீவன் சாசன் என்னும் பொறியாளர் உருவாக்கிய முதல் எண்ணிமக் கேமராவில் இருந்தவை 10,000 புள்ளிகளே. அதன் எடை ஏறத்தாழ 3.6 கிலோகிராம். ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிவுசெய்ய அதற்கு 23 நொடிகள் ஆயின. அங்கிருந்து இன்றுவரை நாம் கடந்து வந்த தொலைவு வியப்புக்குரியது.

இனி நம் இரு கேமராக்களுக்கு வருவோம். 300டி எடுக்கும் படத்தின் நீளத்தில் 3072 புள்ளிகள், உயரத்தில் 2048 புள்ளிகள். பெருக்கினால் 62,91,456, அதாவது 6.3 மெகாபிக்சல். ஆர்50 எடுக்கும் படத்தில் 6000 புள்ளிகள் நீளம், 4000 புள்ளிகள் உயரம். அதாவது 24 மெகாபிக்சல். ‘ஏறத்தாழ நான்கு மடங்கு’ என்று கடைக்காரர் கூறுவார். அது பொய்யன்று. ஆனால், நீளத்தை மட்டும் பாருங்கள்: 3072க்கு 6000. இரண்டு மடங்குகூட முழுமையாக இல்லை. பரப்பில் நான்கு மடங்கானது நீளத்தில் இரண்டு மடங்கே ஆகும் என்பதை நீங்கள் கணக்குப் பாடத்தில் படித்திருப்பீர்கள்.

அச்சிடும்போது ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் இருந்தால் படம் தெளிவாக இருக்கும் என்பது பொதுவான கணக்கு. அதன்படி, பழைய கேமராவின் படத்தை 10 அங்குல நீளத்துக்குத் தெளிவாக அச்சிடலாம். புதிய கேமராவின் படத்தை 20 அங்குல நீளத்துக்கு அச்சிடலாம். பள்ளிக் கண்காட்சியில் வைக்கும் படத்துக்கு 10 அங்குலம் போதாதா? முழு எச்டி தொலைக்காட்சித் திரையில் உள்ள புள்ளிகளும் 20,73,600தாம். இருபது ஆண்டுப் பழைய கேமராவின் படத்தில் அதைப்போல் மூன்று மடங்கு புள்ளிகள் உள்ளன.

புதியது வெல்லும் இடங்கள்

இதனால், புதிய கேமராக்களில் முன்னேற்றமே இல்லை என்று கூறுவது என் நோக்கமன்று. அவ்வாறு கூறுவது நடுநிலை ஆகாது. புதியது பழையதை வெல்லும் இடங்கள் பல உள.

முதலாவது, மங்கிய ஒளி. உணரி ஒளியை எந்த அளவுக்கு மிகைப்படுத்திக் காட்டும் என்பதை ஐஎஸ்ஓ என்னும் அளவால் குறிப்பர். 300டியில் அதன் உச்சம் 1600; ஆர்50இல் 32,000. சித்தூரில் மாலையில் நடைபெறும் திருமண வரவேற்பை எண்ணிப் பாருங்கள். மண்டபத்தின் மூலையில், மங்கிய விளக்கின்கீழ் அமர்ந்திருக்கும் பெரியவரைப் பழைய கேமராவில் எடுத்தால், படம் கலங்கும். அல்லது மணலைத் தூவியதுபோல் புள்ளி புள்ளியாகத் தெரியும். புதிய கேமரா அதே முகத்தைத் தெளிவாகக் காட்டும்.

இரண்டாவது, விரைவு. திருப்பதி மாவட்டத்தின் நேலப்பட்டுப் பறவைகள் காப்பிடத்துக்குக் கூழைக்கடாக்கள் வந்து கூடு கட்டுகின்றன. சிறகை விரித்து நீரில் இறங்கும் கூழைக்கடாவைப் படமெடுக்க வேண்டுமானால், கேமரா நொடிப்பொழுதில் அதன்மேல் குவியம் கொள்ள வேண்டும். 300டியில் குவியப் புள்ளிகள் ஏழே. அது இரண்டு நொடிக்கு ஐந்து படங்கள்தாம் எடுக்கும். ஆர்50 பறவையின் கண்ணைத் தானே கண்டறிந்து பின்தொடரும். நொடிக்கு 15 படங்கள்வரை எடுக்கும். இங்கே பழையதை உயர்த்திப் பேசுவது வீண் பிடிவாதம்.

மூன்றாவது, பிற வசதிகள். பழையதில் காணொளி எடுக்க இயலாது. புதியதில் 4கே காணொளி எடுக்கலாம். பழையதன் பின்புறத் திரை 1.8 அங்குலம், புதியதன் திரை ஏறத்தாழ 3 அங்குலம். எடுத்த படத்தை உடனே கைபேசிக்கு அனுப்பும் வசதியும் புதியதில் உண்டு.

கேமரா வளர்ந்தால் நாடும் பயன்பெறும். 1988ஆம் ஆண்டில் விண்ணுக்குச் சென்ற இந்தியாவின் ஐஆர்எஸ்-1ஏ செயற்கைக்கோளின் ஒரு கேமரா, 72.5 மீட்டர் நிலத்தை ஒரே புள்ளியாகக் காட்டியது. நம் மாவட்டத்தின் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2019ஆம் ஆண்டில் ஏவப்பட்ட கார்ட்டோசாட்-3, கால் மீட்டர் நிலத்தை ஒரு புள்ளியாகக் காட்டுகிறது. முன்னது ஊரைக் காட்டியது. பின்னது ஊரில் நிற்கும் வண்டியையே காட்டுகிறது. நுணுக்கமாகப் பார்ப்பதே பணி என்றால் புதிய கருவியே வேண்டும்.

செவ்வாயைக் கண்ட நான்கு மெகாபிக்சல்

ஆனால், எல்லாப் பணிக்கும் அந்நுணுக்கம் வேண்டுவதில்லை. அதற்கும் ஸ்ரீஹரிகோட்டாவே சான்று தருகிறது. 2013 நவம்பர் 5ஆம் நாள் அங்கிருந்து மங்கள்யான் புறப்பட்டது. 2014 செப்டம்பர் 24ஆம் நாள் செவ்வாயின் சுற்றுப்பாதையை அடைந்தது. அதில் செவ்வாய் வண்ணக் கேமரா ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. அதன் உணரியில் நீளத்திலும் அகலத்திலும் 2048 புள்ளிகள், மொத்தம் 41,94,304. ஏறத்தாழ 4 மெகாபிக்சல்தான்! அந்த மாணவியின் பழைய கேமராவைவிடவும் குறைவு.

அக்காலத்தில் பலருடைய கைபேசிகளிலேயே அதைவிடப் பெரிய எண் இருந்தது. எனினும், செவ்வாயின் முழு உருவத்தையும், அதன்மேல் வீசிய புழுதிப்புயலையும், 70,000 கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து அக்கேமரா வண்ணத்தில் காட்டியது. மங்கள்யானின் பாதை நீள்வட்டமானது; எனவே தொலைவிலிருந்து முழுக்கோளையும், நெருங்கி வரும்போது மலைகளையும் பள்ளங்களையும் அதனால் எடுக்க முடிந்தது. அக்கேமராவின் சிறப்பு எண்ணின் பெருமையில் இல்லை. இருக்க வேண்டிய இடத்தில், இருக்க வேண்டிய நேரத்தில் அது இருந்தது. செய்ய வேண்டிய பணிக்கு ஏற்ப அது அமைக்கப்பட்டிருந்தது.

படத்தை ஆக்குவது எது?

எண் இல்லையென்றால், நல்ல படத்தை ஆக்குவது எது? முதலில் ஒளி, அடுத்து அதனை உள்ளே விடும் லென்ஸ், அதற்கடுத்து அதனைப் பெறும் உணரியின் பரப்பு.

மழை பெய்யும்போது முற்றத்தில் ஓர் அண்டாவையும் ஒரு செம்பையும் வைத்தால், எதில் மிகுதியான நீர் சேரும்? வாய் அகன்ற அண்டாவில்தானே! உணரியும் அத்தகையதே. பரப்பு மிகுந்தால் அது பெறும் ஒளியும் மிகும். சட்டைப்பையில் வைக்கும் சிறு கேமராக்கள் பலவற்றில் உணரியின் பரப்பு ஏறத்தாழ 25 சதுர மில்லிமீட்டர். அந்த மாணவியின் பழைய கேமராவிலோ அது 330 சதுர மில்லிமீட்டருக்கும் மேல், பதின்மூன்று மடங்கு. இருபது ஆண்டுகள் கழித்து வந்த ஆர்50இன் உணரியும் ஏறத்தாழ அதே பரப்புடையதுதான். இந்த ஓர் உண்மையை எந்த விளம்பரமும் முதல் வரியில் கூறுவதில்லை.

“கைபேசியே போதுமே, கேமரா எதற்கு?” என்று சிலர் கேட்கலாம். அன்றாடப் படங்களுக்குக் கைபேசி போதும் என்பது உண்மையே. சிறிய உணரியின் குறையைக் கைபேசி வேறு வழியில் ஈடுசெய்கிறது. ஒரு படம் எடுப்பதற்குள் பல படங்களை எடுத்து, அவற்றை ஒன்றிணைத்து, நமக்கு ஒன்றாகத் தருகிறது. நிறத்தையும் வெளிச்சத்தையும் தானே தீர்மானிக்கிறது. வசதிதான், எனினும், கற்க விரும்பும் மாணவருக்கு அவ்வசதியே தடையாகலாம். எல்லாவற்றையும் கருவியே செய்துவிட்டால், ஒளி எப்படி மாறுகிறது என்பதை நாம் எப்போது கற்பது?

அதற்காகவே, அம்மாணவியையும் அவள் தந்தையையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்திரகிரிக் கோட்டைக்கு அழைத்துச் சென்றேன். விசயநகர மன்னர்கள் வாழ்ந்த அக்கோட்டை திருப்பதிக்கு மிக அருகில் உள்ளது. ராஜமகாலை நண்பகலில் ஒருமுறை எடுக்கச் சொன்னேன். பொழுது சாயும் வேளையில் அதே இடத்திலிருந்து மீண்டும் எடுக்கச் சொன்னேன். நண்பகல் படத்தில் கட்டடம் தட்டையாகத் தெரிந்தது. மாலைப் படத்தில் ஒவ்வொரு வளைவும் தன் நிழலோடு எழுந்து நின்றது. கேமரா ஒன்றே, எடுத்த கை ஒன்றே, மாறியது ஒளி மட்டுமே. “மாமா, இது வேறு கேமராவில் எடுத்ததுபோல் இருக்கிறதே!” என்றாள். அவள் கேள்விக்குரிய விடையை அவளே கூறிவிட்டாள்.

பழையதன் குறைகளும் நம் கடமையும்

பழைய கேமராவை வைத்திருப்பதில் இடர்ப்பாடுகள் உண்டு. அவற்றை மறைப்பது நேர்மையன்று. அம்மாணவியின் கேமராவில் மின்கலம் உயிரிழந்திருந்தது. வேறு மின்கலம் தேடி வாங்க வேண்டியிருந்தது. அதன் நினைவு அட்டை, இன்று வழக்கத்திலுள்ள சிறிய அட்டையன்று. காம்பாக்ட் பிளாஷ் என்னும் தடித்த அட்டை. அதனைப் படிக்கத் தனிக்கருவி வேண்டும். பழுதுபட்டால் உதிரிப்பொருள் கிடைப்பதும் அரிது. பழுதுபார்க்கும் செலவு மிகுமானால், அக்கேமராவுக்கு விடைகொடுப்பதே அறிவுடைமை.

ஆனால், அந்த அட்டையைக் கணினியில் இட்டபோது நாங்கள் எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. அதில் நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் அப்படியே இருந்தன. அவளுடைய தாத்தா திண்ணையில் அமர்ந்து, கைக்குழந்தையாக இருந்த அக்காவை மடியில் வைத்திருந்தார். அவள் பிறக்கும்முன்பே மறைந்துவிட்ட தாத்தா அவர். அவள் தந்தை நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. ஊர் மாறி, வீடு மாறி வந்ததில் அப்படங்கள் தொலைந்துவிட்டன என்றே அவர் எண்ணியிருந்தாராம்.

பிறந்த ஊரை விட்டு வேறு மாநிலத்தில் வாழும் நமக்கு ஒளிப்படம் வெறும் பொழுதுபோக்கு அன்று. உறவையும் ஊரையும் நம்மோடு இணைக்கும் கயிறு அது. அக்கயிறு அறுந்துவிடாமல் காப்பது நம் கடமை. பழைய அட்டைகளில் உள்ள படங்களை இன்றே கணினியில் படியெடுங்கள். ஒரே இடத்தில் வைக்காமல் இரண்டு இடங்களில் வையுங்கள். யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்பதைப் பெரியவர்களிடம் கேட்டுத் தமிழில் எழுதி வையுங்கள். பெயர் எழுதப்படாத படம், சில ஆண்டுகளில் யாரோ ஒருவருடைய படமாகிவிடும்.

என் முடிவு

பறவைகளையோ, விளையாட்டையோ, இரவுக் காட்சிகளையோ எடுப்பதில் உண்மையான நாட்டம் உமக்கு இருந்து, குடும்பத்துக்கும் இயலுமாயின், புதிய கேமரா வாங்குவதில் தவறில்லை. ஆனால், தோழரிடம் இருக்கிறது என்பதற்காகவோ, எண் பெரிது என்பதற்காகவோ தந்தையைக் கடனாளியாக்குவது தகாது. கையிலுள்ள கருவியின் எல்லை எது என்று பயன்படுத்திப் பார்த்து அறிந்த பிறகே அடுத்ததை நாட வேண்டும்.

அம்மாணவியின் தந்தை தவணை எண்ணத்தைக் கைவிட்டார். குடும்பத்தோடு காட்பாடி வழியாகச் சொந்த ஊருக்குச் சென்று வந்தார். கண்காட்சியில் அவள் வைத்த படம் எளியது: காலை வெயில் வாசலில் விழ, பாட்டி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருக்கிறார், பறக்கும் உமியில் ஒளி பட்டு மின்னுகிறது. பரிசு கிடைக்கவில்லை. ஆனால், பலர் அப்படத்தின்முன் நின்று பார்த்தார்கள். எந்தக் கேமராவில் எடுத்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. இந்தப் பாட்டி யார் என்றே கேட்டார்கள்.

சொல்லும் பொருளும்

எண்ணிமம் – எண்களாக மாற்றிப் பதியும் முறை
உணரி – ஒளியை உணர்ந்து மின்குறிகளாக மாற்றும் சில்லு
குவியம் – படம் தெளிவாகத் தெரியுமாறு ஒளி கூடும் இடம்
படச்சுருள் – முற்காலக் கேமராவில் படம் பதியப் பயன்பட்ட சுருள், பிலிம்
மின்கலம் – பேட்டரி
நடுநிலை – ஒரு பக்கம் சாயாமை
முறம் – தானியம் புடைக்கும் கருவி
உமி – நெல்லின் மேல்தோல்

சிந்தித்து எழுதுக

1. 300டி, ஆர்50 ஆகிய இரு கேமராக்களுக்கும் இடையேயுள்ள வேறுபாடுகளை அட்டவணைப்படுத்துக.
2. 1600 × 1200 புள்ளிகள் கொண்ட படத்தை, அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வீதம் எவ்வளவு நீளத்துக்கு அச்சிடலாம்? கணக்கிட்டுக் கூறுக.
3. மங்கள்யானின் கேமராவைக் கட்டுரையாளர் எக்கருத்துக்குச் சான்றாகக் காட்டுகிறார்?
4. “எல்லாவற்றையும் கருவியே செய்துவிட்டால் நாம் எப்போது கற்பது?” – இக்கருத்தை நீங்கள் ஏற்கிறீர்களா? காரணம் தந்து பத்து வரிகளில் எழுதுக.
5. உங்கள் வீட்டிலுள்ள பழைய ஒளிப்படம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதில் இருப்பவர் யார், எங்கே, எப்போது எடுக்கப்பட்டது என்பதைப் பெரியவர்களிடம் கேட்டறிந்து தமிழில் எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.